குதிரையை வாங்குமுன் கொள்ளுக்கு வழி பாருங்கள்

காஞ்சி மாநகரின் தென்கோடியில், பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்துள்ள செவிலிமேட்டில் ஒரு காலத்தில் தெருவுக்கே உரிய ஓசை தறியோசைதான். தனிப் பேரூராட்சியாக விளங்கிய இவ்வூர் 2011ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2021இல் அந்நகராட்சியே மாநகராட்சியாக உயர்ந்தது. தறியோசை முற்றாக அடங்கிவிடவில்லை. ஆயினும் மாலை வேளைகளில் பாலாற்றுப் பாலத்தின் பக்கம் நின்று பார்த்தால், அதனை விஞ்சும் வேறோர் ஓசை காதைத் துளைக்கக் கேட்கலாம். வண்ணவண்ண ஓடுகள் போர்த்தி, முன்னோக்கிக் குனிந்து பாயும் அயல்நாட்டுப் பந்தய வகை மோட்டார் சைக்கிள்களின் ஓசை அது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் எல்லை முழுவதுமே மோட்டார் வாகனங்களின் உலைக்களமாக மாறிவிட்டது. ஒரகடத்தில் 2013இலும், வல்லம் வடகாலில் 2017இலும் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் தன் ஆலைகளைத் திறந்தது. யமஹா நிறுவனமும் வல்லம் வடகாலில் 2015இல் ஆலை தொடங்கியது. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் 1990ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. தந்தையார் தறியில் அமர்ந்த வீட்டுப் பிள்ளை இன்று ஆலையில் வண்டியைப் பூட்டுகிறான். அவனுக்கு வண்டி மீது ஆசை வருவது இயல்பே. ஆசையைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கணக்கைப் பார்ப்பதே நோக்கம்.

'யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?' என்று நம் வீட்டு முதியோர் கேட்பார்கள். மோட்டார் சைக்கிளின் ஆற்றலைக் குதிரைத் திறனால் அளப்பதால், நாம் குதிரையென்றே வைத்துக்கொள்வோம். குதிரையின் விலையை எல்லாரும் விசாரிக்கிறார்கள். கொள்ளின் விலையைத்தான் வாங்கிய பிறகு விசாரிக்கிறார்கள்.

முன்பே நடந்த கதை

நம் நாட்டுக்கு இந்த அனுபவம் புதியதன்று. 1983ஆம் ஆண்டில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம், ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350 வண்டியை 'ராஜ்தூத் 350' என்னும் பெயரில் இங்கே அறிமுகம் செய்தது. இரண்டு சிலிண்டர், 347 சி.சி., இரு வீச்சு என்ஜின், ஆறு கியர். அன்றைய இந்தியச் சாலையில் அதனை முந்திச் செல்ல வேறு வண்டி இல்லை. முதலில் வந்த வகை முப்பது குதிரைத் திறனைத் தொட்டது. பெட்ரோல் செலவைக் குறைக்கும் பொருட்டுப் பின்னர் அதன் ஆற்றலைச் சற்றே குறைத்து இன்னொரு வகையையும் வெளியிட்டார்கள். வேகத்தை விற்க வந்தவர்களே வேகத்தைக் குறைத்து விற்க நேர்ந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அப்படியும் வண்டி நிலைக்கவில்லை. லிட்டருக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டியை எத்தனை குடும்பங்கள் தாங்கும்? உதிரிப்பாகங்களின் விலை ஒருபுறம் மிரட்டியது. இரட்டைச் சிலிண்டரின் இரு கார்புரேட்டர்களையும் ஒன்றுபோல் சமன் செய்யத் தெரிந்த மெக்கானிக் பெருநகரங்களிலும் அரிதாகவே இருந்தார். இதற்கிடையே 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்யப்பட்ட அந்தச் சிறிய நான்கு வீச்சு வண்டி இந்தியக் குடும்பங்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதே ஆண்டில் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, வேகம் விரும்பிய இளைஞருக்கும் தாங்கக்கூடிய செலவில் வேறொரு வழியைக் காட்டியது. எண்பதுகளின் இறுதியில் ராஜ்தூத் 350 விடைபெற்றது. ஓட்டத்தில் யாரிடமும் தோற்காத வண்டி, வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் தோற்றது!

இன்று அதே வண்டிக்குப் பழம்பொருள் ஆர்வலர்கள் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள் என்பது தனிக் கதை. அவர்கள் வேலைக்குச் செல்ல அதனை வாங்குவதில்லை.

விலை இறங்கும், செலவு இறங்காது

2007ஆம் ஆண்டின் இறுதியில் யமஹா நிறுவனம் ஆர்1 வண்டியைப் பத்து லட்ச ரூபாய்க்கு மேலான விலையில் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சுசுகியின் ஹயபூசா வந்தது. பின்னர் ஹோண்டா, கவாசாகி, இத்தாலியின் டுகாட்டி எனப் பலரும் வந்து சேர்ந்தனர். இன்று புதிதாக வாங்க வேண்டுமானால் விலையே பெரும்பாலானோரைத் தடுத்து நிறுத்திவிடும். 350 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் நாற்பது விழுக்காடு சரக்கு-சேவை வரி விதிக்கப்பட்டுள்ளது. அதற்குட்பட்ட வண்டிகளுக்குப் பதினெட்டு விழுக்காடுதான். இதற்கு மேல் தமிழ்நாட்டின் சாலை வரி வேறு.

ஆகவே நம் இளைஞர்களை ஈர்ப்பவை புதியவை அல்ல, பழையவைதாம். வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் உழைத்து அனுப்பிய பணத்தில், 'இருபது லட்சத்து வண்டி ஏழு லட்சத்துக்குக் கிடைக்கிறது, வாப்பா' என்று மகன் தொலைபேசியில் சொல்லும்போது, அயலூரில் இருக்கும் தந்தைக்கும் அது இலாபமாகவே தோன்றுகிறது. மகனின் சொல்லில் பொய் இல்லை. ஆனால் பாதிக் கணக்குத்தான் இருக்கிறது. விலை இறங்கியது வண்டிக்கு. அதன் டயருக்கோ, பிரேக் கட்டைக்கோ, சங்கிலிக்கோ இறங்கவில்லை. ஏழு லட்சத்துக்கு வாங்கினாலும், பராமரிக்க வேண்டியது இருபது லட்ச ரூபாய் வண்டியைத்தான். வண்டிக்கு வயது ஏற ஏற விலை குறைந்துகொண்டே போகும். செலவோ கூடிக்கொண்டே போகும்.

காஞ்சிப் பட்டை வாங்குபவர், அதைப் பருத்திச் சேலைபோல் அடித்துத் துவைக்க முடியாது என்பதை அறிந்தே வாங்குகிறார். மோட்டார் சைக்கிளிடம் மட்டும் அந்த எச்சரிக்கை ஏனோ நமக்கு வருவதில்லை.

என்ஜினுக்குள் ஒரு பார்வை

எந்த என்ஜினிலும் வால்வுகள் திறந்து மூடிக்கொண்டே இருக்கின்றன. வால்வுக்கும் அதை இயக்கும் பாகத்துக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி இருக்க வேண்டும். தேய்மானத்தால் அது கூடவோ குறையவோ செய்யும். நம் தெருமுனை மெக்கானிக் 'டேப்பட் செட்டிங்' என்று சொல்வது இந்த இடைவெளியைச் சரிசெய்வதைத்தான். சாதாரண வண்டியில் ஒரு சிறு திருகையும் அதன் பூட்டு மரையையும் தளர்த்தி, தகடு அளவியை நுழைத்து, கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

அதிவேக என்ஜினில் திருகு இல்லை. காசு வடிவிலான மெல்லிய உலோக வில்லைகள் இருக்கும். இடைவெளி மாறினால் காம் தண்டையே கழற்றி எடுத்து, வேறு கனமுள்ள வில்லையை வைத்து, மீண்டும் பூட்ட வேண்டும். அதற்கு முன் வண்டியின் மேலோடுகள், பெட்ரோல் டேங்க், காற்றுப் பெட்டி ஆகிய எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். ஒரு முழு நாள் வேலை. நான்கு சிலிண்டர் வண்டியில் பதினாறு வால்வுகள். ஹயபூசாவுக்கு இது 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. யமஹா ஆர்1 வண்டிக்கு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை.

டுகாட்டியின் கதை இன்னும் சுவையானது. மற்ற என்ஜின்களில் வால்வைத் திறப்பது காம், மூடுவது சுருள்வில். டுகாட்டி நெடுங்காலம் கையாண்ட 'டெஸ்மோ' முறையிலோ, மூடுவதற்கும் தனியே ஒரு நெம்புகோல் உண்டு. சுருள்வில் அதிவேகத்தில் தடுமாறும் என்பதால் பந்தயத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. பந்தயத்தில் அது வெற்றிகளைக் குவித்தது. ஆனால் ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் இடைவெளி ஒன்று, மூடும் இடைவெளி ஒன்று என இரண்டு அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் கொண்ட பானிகாலே வி4 வண்டியில் பதினாறு வால்வுகளுக்கு முப்பத்திரண்டு இடைவெளிகள்! பழைய இரட்டைச் சிலிண்டர் டுகாட்டிகள் பலவற்றில் காம் தண்டைச் சுழற்றுவது ரப்பர் பட்டை. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஆண்டுக் கணக்குப்படி அதை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் விட்டு அது அறுந்தால், வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே பாழாகிவிடும். 'வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது, செலவு ஏது?' என்று கேட்க இடமில்லை.

இந்தச் சுமையை அந்த நிறுவனமே உணர்ந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். நெடும்பயணத்துக்கான மல்டிஸ்ட்ராடா வி4 வண்டிக்கு 2020இல் அது அறிமுகம் செய்த என்ஜினில் டெஸ்மோவைக் கைவிட்டுச் சுருள்வில்லுக்கே திரும்பியது. வால்வு சோதனை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும் என்றாயிற்று. 2024இல் வெளியிட்ட புதிய இரட்டைச் சிலிண்டர் என்ஜினிலும் சுருள்வில்தான். பழைய டுகாட்டி வாங்க எண்ணுபவர், ஆரஞ்சும் சிவப்புமான அதன் அழகில் மயங்குமுன், எந்த ஆண்டில் வந்த எந்த என்ஜின் என்பதைக் கேட்டறிய வேண்டும். அந்த ஒரு கேள்வியின் விலை பல ஆயிரம் ரூபாய்.

ஒரு மாதிரிக் கணக்கு

செவிலிமேட்டில் குடியிருக்கும் ஓர் இளைஞர், ஆயிரம் சி.சி. ஜப்பானிய வண்டி ஒன்றைப் பழையதாக ஏழு லட்சத்துக்கு வாங்கி, ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வார இறுதிகளில் மட்டும் ஓட்டினாலே இந்த அளவு எளிதில் வந்துவிடும். கீழே தருபவை தோராயமான தொகைகள்தாம். வண்டிக்கு வண்டி மாறும். தம் வண்டிக்குரிய தொகைகளை இட்டு வாசகர்களே நிரப்பிக்கொள்ளலாம்.

பெட்ரோல்: லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால், 333 லிட்டருக்கு முப்பத்து மூவாயிரம் ரூபாய்.

டயர்: இதுதான் பலரும் எண்ணிப் பாராத செலவு. நம் வீட்டுச் சிறு வண்டியின் டயர் இருபதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் உழைக்கும். பந்தய வகை டயரின் ரப்பர் மென்மையானது. சாலையைப் பற்றிக்கொள்ளவே அப்படிச் செய்கிறார்கள். பற்றும் டயர் தேயும். ஏழாயிரம் கிலோமீட்டரில் பின் டயர் வழுக்கையானால் அதில் குறைபாடு ஒன்றுமில்லை. ஒரு ஜோடியின் விலை முப்பதாயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரம் ஒதுக்க வேண்டும்.

ஆயில், வடிகட்டி, கூலி: பதினான்காயிரம். சங்கிலியும் பற்சக்கரங்களும் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறுவதாகக் கொண்டால், ஆண்டுப் பங்கு ஐயாயிரம். பிரேக் கட்டைகள், இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பிரேக் திரவம் இரண்டுக்கும் ஆறாயிரம்.

காப்பீடு: 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் ஆண்டுக்கு 2,804 ரூபாய். வரியோடு சேர்த்து 3,300 ரூபாயைத் தாண்டும். 150 சி.சி.க்கு உட்பட்ட குடும்ப வண்டிக்கு இதே கட்டணம் 714 ரூபாய்தான். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டையும் கூட்டிப் பதினெட்டாயிரம் என்று வைப்போம்.

வால்வு சோதனை, பேட்டரி, முன்பக்கக் குழாய்களின் ஆயில், கூலன்ட் போன்றவை ஆண்டுதோறும் வாரா. ஆனால் வரும்போது மொத்தமாக வரும். அவற்றுக்கெனப் பதினைந்தாயிரத்தைத் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

கூட்டினால் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம். மாதத்துக்கு ஏறத்தாழ 9,700 ரூபாய். இதில் வாங்கிய விலை இல்லை. கடன் தவணை இல்லை. தலைக்கவசம், மேலங்கி, கையுறை, காலணி இவற்றின் விலையும் இல்லை. அதே ஐயாயிரம் கிலோமீட்டரை ஒரு நூறு சி.சி. வண்டியில் ஓட்டினால் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். நாற்பதாயிரம் சம்பளம் வாங்கும் பிள்ளையின் வருவாயில் கால் பங்கைக் குதிரை தின்றுவிடுகிறது. வீட்டு வாடகையும் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் மீதி முக்காலில்தான் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கும், அவனுக்குப் பின்னால் நிற்கும் குடும்பத்துக்கும் இது சம்மதமானால், வெளியாரான நாம் சொல்ல ஏதுமில்லை.

காப்பீட்டில் மறைந்திருக்கும் ஒரு முடிச்சை இங்கே அவிழ்த்தாக வேண்டும். சேதத்துக்கு இழப்பீடு கோரும்போது, ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையில் ஐம்பது விழுக்காட்டைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். பந்தய வகை வண்டியின் உடம்பெல்லாம் பிளாஸ்டிக் ஓடுதானே! நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தாலே பக்கவாட்டு ஓடு, கண்ணாடி, விளக்கு, பிரேக் கைப்பிடி எனப் பல பாகங்கள் போய்விடும். பாதிச் செலவு நம் தலையில். தேய்மானம் கழிக்காத தனிப் பாலிசி உண்டு. ஆனால் ஐந்தாண்டு கடந்த வண்டிக்கு அதைப் பெரும்பாலான நிறுவனங்கள் தருவதில்லை. பழைய வண்டி வாங்குபவருக்குத்தான் அது மிகவும் தேவை. அவருக்குத்தான் அது கிடைப்பதில்லை.

எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால்

நம் ஊரில் புல்லட்டுக்கு மெக்கானிக் உண்டு. பல்சருக்கு உண்டு. ஸ்கூட்டருக்குத் தெருவுக்கு ஒருவர் உண்டு. அயல்நாட்டு வண்டிக்கோ, கணினியை இணைத்துப் பார்க்கும் கருவியும் அதற்கென்றே செய்த திருகுச்சாவிகளும் தேவை. அவை சென்னையில் உள்ளன. காஞ்சியிலிருந்து சென்னை ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். போய்வர நூற்றைம்பது கிலோமீட்டர், பத்து லிட்டர் பெட்ரோல். ஆயில் மாற்றுமுன்பே ஆயிரம் ரூபாய் போய்விடுகிறது. 'பாகம் வரவேண்டியுள்ளது' என்று சொல்லிவிட்டால் இன்னொரு பயணம், இன்னொரு விடுப்பு. வண்டி ஓடாத நிலையில் பழுதாகிவிட்டால், ஏற்றிச்செல்லும் வாகனத்துக்கு வாடகை.

உதிரிப்பாகம் வரும் என்றாவது உறுதியுண்டா? அதுவும் இல்லை. புனேயைச் சேர்ந்த டி.எஸ்.கே. மோட்டோவீல்ஸ் நிறுவனம், கொரியாவின் ஹியோசங் வண்டிகளையும் பின்னர் இத்தாலியப் பெயர் தாங்கிய பெனெல்லி வண்டிகளையும் இந்தியாவில் விற்றுவந்தது. அந்நிறுவனம் நெருக்கடியில் சிக்கியதால் 2018இல் வணிகம் நின்றது. அதே ஆண்டில் பெனெல்லியை ஐதராபாத்தைச் சேர்ந்த வேறொரு நிறுவனம் ஏற்றுக்கொண்டு மீண்டும் தொடங்கியது. உலகப் புகழ்பெற்ற ஹார்லி டேவிட்சன்கூட 2020இல் இந்தியாவில் தன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பிறகு ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனத்தோடு உடன்பாடு கண்டு அதன் வழியே தொடர்ந்தது. இரண்டு வண்டிகளுக்கும் மறுவாழ்வு கிடைத்தது நல்வாய்ப்பு. இடைப்பட்ட காலத்தில் அவற்றை வைத்திருந்தவர் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் தொடங்கிப் படிப்படியாக நாடெங்கும் பரவிவிட்டது. அதற்கு முன் வடிவமைக்கப்பட்ட பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் அடைப்பான்களும் இந்தக் கலவைக்கு ஏற்றவைதாமா என்பதை அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

செலவைத் தள்ளிப்போட்டால்

'இப்போதைக்கு வாங்கிவிடுவோம், சர்வீஸை வசதிப்பட்டபோது பார்த்துக்கொள்ளலாம்' என்று சிலர் எண்ணுகிறார்கள். சிறு வண்டியில் இந்த மெத்தனம் சில வேளை தப்பும். வழுக்கை டயரோடு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் சறுக்கினால் முழங்கை சிராய்க்கும். இருநூறு கிலோமீட்டர் வேகத்துக்கென்று செய்த வண்டியில் அதே டயர், அதே தளர்ந்த சங்கிலி, அதே பழைய பிரேக் திரவம் என்ன செய்யும் என்று எழுதவும் மனம் கூசுகிறது. பராமரிப்புச் செலவு இங்கே வெறும் பணக் கணக்கன்று. தாங்க முடியாத செலவு முதலில் தள்ளிப்போடப்படுகிறது. தள்ளிப்போட்டது ஒருநாள் சாலையில் வந்து நிற்கிறது.

நல்ல வண்டியிலும் ஆபத்து உண்டு என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உள்ளது. 2023 செப்டம்பரில், காஞ்சியை அடுத்த தாமல் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், யூடியூபில் பெரும் கூட்டத்தைச் சேர்த்திருந்த இளைஞர் ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று தூக்கியெறியப்பட்டார். ஓட்டியது ஹயபூசாதான். கை எலும்பு முறிவோடு உயிர் தப்பினார். பின்னர் கைது செய்யப்பட்டார். ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. அவரைப் பார்த்து அதே வண்டிக்கு ஆசைப்பட்ட பிள்ளைகள் நம் தெருக்களிலும் உண்டு.

வாங்கியே தீருவேன் என்பவருக்கு

முதலில், பக்கத்திலேயே கிடைப்பதைப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு 2018இல் கொண்டுவந்த 650 இரட்டையர்களான இன்டர்செப்டரும் கான்டினென்டல் ஜி.டி.யும் நம் மாவட்டத்துப் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற வண்டிகள். 648 சி.சி., இரண்டு சிலிண்டர், 47 குதிரைத் திறன். ஆயிரம் சி.சி. வண்டியின் பாய்ச்சல் இவற்றில் இராது. ஆனால் டேப்பட் இன்றும் பழைய திருகு முறைதான்; சர்வீஸ் நிலையம் உள்ளூரிலேயே. ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனம் 2017 முதல் தயாரித்துவரும் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டி, பந்தயத் தோற்றத்தையே விரும்புவோருக்கு ஏற்றது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ பெயர் தாங்கிய 310 வண்டிகளும் அதே ஆலையில், அதே என்ஜினோடு பிறந்தவைதாம். பெயருக்கு மட்டும் கூடுதல் விலை! இவை இரண்டும் 350 சி.சி.க்கு உட்பட்டவையாதலால் வரியிலும் காப்பீட்டிலும் மிச்சம்.

இல்லை, அயல்நாட்டுப் பழைய வண்டிதான் என்றால், சாவியைக் கேட்குமுன் சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். கிலோமீட்டர் குறைவு என்பது மட்டும் பெருமையன்று. பத்தாண்டில் எட்டாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியில், ரப்பர் பட்டையும் பிரேக் குழாய்களும் வெயிலில் காய்ந்து கிடந்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒப்பிட்டு, மத்திய அரசின் வாகன் இணையதளத்திலும் சரிபாருங்கள். அடமானம் தீர்ந்ததா என்பதும் அங்கேயே தெரியும். பிற மாநிலப் பதிவு எண் கொண்ட வண்டியென்றால், அங்கிருந்து தடையில்லாச் சான்றும் இங்கே மீண்டும் சாலை வரியும் தேவை. 'வரி கட்டாமலே ஓட்டிக்கொள்ளலாம்' என்று தரகர் சொன்னால், தரகரை மாற்றுங்கள்.

அடுத்து வரவுள்ள பெரிய சர்வீஸ் எப்போது, அதற்கு என்ன ஆகும் என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கு நேரில் சென்று எழுத்து மூலமாக வாங்குங்கள். பல வேளைகளில் விற்பவர் விற்பதற்குக் காரணமே அந்தப் பெரிய சர்வீஸ்தான். 23,000 கிலோமீட்டரில் விற்பனைக்கு வரும் வண்டி, 24,000இல் காத்திருக்கும் செலவைக் கண்டு ஓடிவந்திருக்கலாம். அத்தொகையை விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேரம் பேசுவது முறையே.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்த டயர். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். குனிந்து பாருங்கள்; எண் பழையதாக இருந்தால், ஏழு லட்சத்தோடு முப்பத்தைந்தாயிரத்தையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.